ஒரு காலுக்கு ஒன்று

கேன்டீனுக்குப் பின்புறம் இருந்த ஸ்டாண்டு காலியாக இருந்தது.

வெண்டல் கோசாக் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்தும் பார்த்தான். பனி கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பிடப் போகுமுன் இங்கே பனிச்சறுக்குக்கான இரண்டு ஸ்கீக்களைச் சாத்திவிட்டுப் போனவன் அவனேதான். இப்போது அவை நின்ற இடத்தில் இரண்டு பள்ளம் மட்டும் இருந்தது. அதையும் பனி மூடிக்கொண்டிருந்தது.

முன் வாசல் ஸ்டாண்டுக்கு ஓடினான். அங்கே வைத்த இரண்டும் மேலெல்லாம் பனி அப்பிப் பத்திரமாக நின்றன. வெண்டலுக்கு மூச்சு வந்தது. பாதி மூச்சுதான்.

அந்த மலையில் சாப்பிடப் போகிற எவனும் தன் ஜோடியை ஒரே இடத்தில் வைக்க மாட்டான். கூட வந்தவனோடு மாற்றிக்கொள்வான். என்னுடையதில் ஒன்றும் உன்னுடையதில் ஒன்றும் வாசலில். மீதி இரண்டும் கொல்லைப்புறத்தில். ஜோடி சேராத ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு போய் எந்தத் திருடன் என்ன செய்வான்? முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட இந்த ஒரு காரியத்தில் கூட்டுச் சேர்ந்துவிடுவார்கள்.

வெண்டலும் ஜனெல் கல்மகோஃபும் அப்படித்தான் அன்று சேர்ந்தார்கள். இருவரும் நோரீனின் ஸ்கீ கடையில் விற்பனைக்கு நிற்பவர்கள். அடுத்த பருவத்துக்கு எந்த அகல ஸ்கீயை வாங்குவது என்று போன வருஷம் வரை நோரீனே சறுக்கிப் பார்த்து முடிவு செய்துவந்தார். இந்த வருஷம் அவருடைய முட்டி ஒத்துழைக்க மறுத்துவிட்டது. இனிமேல் கொள்முதல் பொறுப்பு இந்த இரண்டு பேரில் ஒருவருக்கு என்று அறிவித்துவிட்டார்.

"ரெண்டு ஜோடி தரேன். ஒண்ணு எல்லாப் பனிக்கும் ஆனது, நடுவுல நூத்தியெட்டு மில்லிமீட்டர் அகலம். இன்னொண்ணு பொடிப்பனிக்குன்னே செஞ்சது, நூத்திப்பதினாறு. காலைல ஆளுக்கு ஒண்ணு, மத்தியானம் மாத்திக்கணும். எது எங்க எப்படிப் போகுதுன்னு எனக்குப் புரியற மாதிரி யார் சொல்றீங்களோ, அவங்க கையில ஆர்டர்" என்றார். கம்பெனிப் பெயரைப் பார்த்து யாரும் மயங்கிவிடக் கூடாதென்று நான்கு ஸ்கீக்களுக்கும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிச் சட்டை போட்டுவிட்டிருந்தார். வெண்டலுக்கும் ஜனெலுக்கும் பூட்ஸ் அளவு ஒன்றே என்பதால் மாற்றிப் போடுவதில் சிக்கலில்லை. அந்த அளவைப் பற்றிக் கடையில் யாரும் ஜனெலின் காதுபடப் பேசுவதில்லை.

அந்தப் பொறுப்புக்காக வெண்டல் உயிரை விட்டான். கையுறையும் கண்ணாடியும் விற்று அவனுக்கு அலுத்துவிட்டது. கொள்முதல் செய்கிறவன் வந்தால் கம்பெனிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். தனக்கு அது கிடைக்கும் என்பதில் அவனுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. பருவம் தொடங்கிய நாளிலிருந்து ஊரெல்லாம் ஒரே பேச்சுத்தான். "கண்ணைக் கட்டி விடுங்க. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூடச் சொல்வேன். என் பாதம் பேசும்."

இப்போது பாதம் பேசாமல் இருந்தது. ஏனென்றால், ஸ்கீக்களைக் கடை வேனுக்குள் பூட்டிவைக்கலாம் என்று ஜனெல் சொன்னபோது, "சும்மா இரும்மா, பிரிச்சு வெச்சா ஒருத்தன் தொடமாட்டான், நான் கேரன்டி" என்று சொன்னவன் வெண்டல். விஷயம் வெளியே வந்தால் ஆர்டர் புத்தகம் ஜனெல் கைக்குப் போய்விடும்.

வெண்டல் யோசித்தான். அவனுக்கு யோசனைகள் சட்டென்று வரும். அதுதான் அவனுடைய கஷ்டம். வாசலில் மிஞ்சியிருப்பது தன்னுடையதில் ஒன்று, அவளுடையதில் ஒன்று. எல்லாம் கறுப்புச் சட்டை. அகலத்தில் வித்தியாசமோ ஒரு விரல்நகம். ஆழமான பனியில் காலே தெரியாது, ஸ்கீ எங்கே தெரியப்போகிறது? இரண்டையும் எடுத்துக் கீழே போட்டு உற்றுப் பார்த்தான். ஒன்று அவன் கண்ணுக்கு அகலமாகவே தெரிந்தது. அதை இடது காலில் மாட்டிக்கொண்டான்.

கேன்டீன் கதவைத் தள்ளிக்கொண்டு ஜனெல் காபிக் கோப்பையோடு வந்தாள்.

"என்னய்யா, அதுக்குள்ள மாட்டிட்ட? எனக்கு எங்க?"

"ஒவ்வொருத்தராப் போகச் சொன்னாங்க நோரீன். நான் முதல்ல."

"எப்பச் சொன்னாங்க?"

"இப்பத்தான். நீ வாய் நிறைய உருளைக்கிழங்கு வெச்சிருந்த, கேட்டிருக்காது."

"நான் எதையும் சொல்லலையே" என்றது அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். நோரீன் ஸ்கீ மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். முட்டி போனாலும் மெல்ல மெல்லச் சறுக்குவதை அவர் விடவில்லை.

வெண்டல் அசரவில்லை. "சொல்லல, சரிதான். ஆனா சொல்லணும்! ஒவ்வொருத்தரையும் நீங்க கூடவே வந்து பார்த்தாத்தானே நியாயம்?"

நோரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல யோசனைதான். வா, உன் பாதம் பேசறதை நானும் கேக்கறேன். ஜனெல், அடுத்தது நீ."

தன் வாயாலேயே நீதிபதியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வெண்டல் மேலே போனான். நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கும். தொங்கினால் ஸ்கீ தெரியும். காற்று வேறு அடித்து, மேலே ஒட்டியிருந்த பனியை உதறிக்கொண்டிருந்தது. வெண்டல் ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் போட்டுப் பின்னிக்கொண்டான்.

"என்னடா, பாத்ரூம் போகணுமா?"

"குளிருது."

"உனக்கா? போன மாசம் அரை டிராயரோட பார்க்கிங்ல பனி வாரினவன் நீதானே?"

பின்னிய காலை இறங்கும் இடத்தில் பிரிக்க முடியவில்லை. நாற்காலி அவனை முன்னால் தள்ளிவிட்டுத் தன் வழியே போனது. அவன் குப்புற விழ, லிஃப்டை நிறுத்த, மலை முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

"இதையும் குறிச்சுக்கட்டுமா?" என்றார் நோரீன்.

ஆனால் சரிவில் இறங்கியதும் வெண்டல் வேறு ஆளாகிவிட்டான். இடுப்பு வரை எழும்பும் பொடிப்பனி. முதல் திருப்பத்திலேயே அவனுடைய பாதம் பேச ஆரம்பித்தது. பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. இடது காலில் இருந்த நூற்றுப்பதினாறு முனையைத் தூக்கிக்கொண்டு மிதந்தது. வலது காலின் நூற்றெட்டு ஒரு சாண் கீழே புதைந்து முரண்டு பிடித்தது. வலப்பக்கம் திரும்பினால் எடை இடது காலில் விழும், வெண்ணெய். இடப்பக்கம் திரும்பினால் வலது கால் உள்ளே போகும், இழுபறி. இந்த வித்தியாசம் நோரீன் கண்ணில் பட்டால் ஆபத்தென்று அவன் வலப்பக்கமாகவே திரும்பினான். மறுபடியும் வலப்பக்கம். மறுபடியும். அப்படியே வளைந்து போய் ஸ்ப்ரூஸ் மரக்கூட்டத்துக்குள் நுழைந்து ஒரு கிளையைக் கட்டிக்கொண்டு நின்றான். கிளையிலிருந்த பனி முழுவதும் அவன் கழுத்துக்குள் இறங்கியது.

"டேய் வெண்டல்! வழி இந்தப் பக்கம்டா!"

"தெரியும்! மரத்துக்குள்ள எப்படிப் போகுதுன்னு பார்க்கறேன்!"

மரத்துக்குப் பின்னால் மறைவாக இரண்டு ஸ்கீயையும் கழற்றிக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டான். இப்போது வலது மிதந்தது, இடது புதைந்தது. எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே! சந்தேகமே வேண்டாம். பாதம் பொய் சொல்லாது. கீழே இயந்திரம் ஓட்டி இறுக்கிய பாதையில் வந்ததும் எல்லாம் தலைகீழானது. புதைந்த இடது கால் அங்கே அரிவாள்மணை மாதிரி கடித்துப் பிடித்தது. மிதந்த வலது கால் ஈரத் தரையில் சோப்பு போல வழுக்கியது. வெண்டலுக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை துல்லியமாகத் தன் கால் உணரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

அடிவாரத்தில் ஜனெல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், வாசல் ஸ்டாண்டும் காலி, பின்னாடி ஸ்டாண்டும் காலி. எங்கய்யா மத்தது? உன் கால்ல மாட்டியிருக்கறது என்னோடதுல ஒண்ணும் உன்னோடதுல ஒண்ணுமா?"

நோரீன் திரும்பிப் பார்த்தார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. வேறொருவனாக இருந்தால் அங்கேயே மண்டியிட்டிருப்பான். வெண்டல் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உள்ள வாங்க, சொல்றேன்."

கேன்டீன் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குழம்பும் சீஸும் ஊற்றிய உருளைக்கிழங்குத் தட்டு ஒன்று நடுவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. வெண்டல் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேசினான்.

"ரெண்டு ஸ்கீ காணாமப் போச்சு. என் தப்புத்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன் நோரீன். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு போட்டுப் பார்த்தா என்ன தெரியும்? காலைப் பனி வேற, மத்தியானப் பனி வேற. காலைல தூக்கக் கலக்கம், மத்தியானம் வயிறு நிறைய சோறு. அது ஒப்பீடா? நான் ஒரு காலுக்கு ஒண்ணு மாட்டினேன். அதே பனி, அதே ஆள், அதே நொடி. கால் மாத்தியும் போட்டுப் பார்த்துட்டேன்."

நோரீன் கோபப்படத் தயாராக வைத்திருந்த முகத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். "சரி, என்ன தெரிஞ்சுது?"

"நூத்திப்பதினாறு ஆழத்துல தானா மேல வரும், நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆனா இறுகின பனியில சோம்பேறி, பிடிக்கவே பிடிக்காது. நூத்தியெட்டு ஆழத்துல ஒரு சாண் கீழ போகும், வேகம் கொடுத்தாத்தான் எழும்பும். கெட்டித் தரைக்கு வந்தா ராஜா. நம்ம மலையில பனி கொட்டற நாளைவிடக் கொட்டாத நாள்தான் ஜாஸ்தி. ஆர்டர்ல முக்கால்வாசி நூத்தியெட்டு போடுங்க."

நோரீன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இத்தனை வருஷமா நான் காலை மத்தியானம்னு மாத்தி மாத்திப் போட்டு முட்டியைத் தேய்ச்சேன். ஒரு காலுக்கு ஒண்ணுன்னு எனக்குத் தோணவே இல்லையே."

"காலைல நூத்தியெட்டு போட்டப்ப எனக்கு அப்படி ஒண்ணும் புதையலையே" என்றாள் ஜனெல்.

"எல்லார் பாதமும் பேசாது ஜனெல்" என்றான் வெண்டல் இரக்கத்தோடு.

நோரீன் கையை நீட்டினார். "ஆர்டர் உன் பொறுப்பு. வசந்த காலக் கண்காட்சிக்கும் நீயே போ. காணாமப் போன ஸ்கீயை நாளைக்குத் தேடிக்கலாம்." வெண்டல் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கண் கலங்கியதை அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஜனெல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, அவனிடமிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்போது வாடகை ஹெல்மெட்டும் புதுக் கோட்டுமாக ஓர் அம்மாள் தடுமாறித் தடுமாறி மேசைக்கு வந்தார். சஸ்காச்சுவான் சமவெளியிலிருந்து வாழ்க்கையில் முதல் தடவையாக மலைக்கு வந்திருந்த ஃபிலிஸ். கறுப்புச் சட்டை போட்ட இரண்டு ஸ்கீக்களைக் கைக்குழந்தையை அணைத்த மாதிரி அணைத்திருந்தார்.

"தம்பி, இது உங்களோடதுன்னு சொன்னாங்க. பின்னாடி கேட்பாரில்லாம நின்னுச்சு. யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களேன்னு உள்ள கொண்டுபோய் வெச்சிருந்தேன்."

வெண்டல் வாய்விட்டுச் சிரித்தான். கொள்முதல் அதிகாரியின் சிரிப்பு. "அம்மா, இதை எவனும் தூக்க மாட்டான். ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு. ஜோடி சேராத ஸ்கீம்மா இது!"

"சேராமத்தான் இருந்துச்சு. நாங்க ஊர்ல செருப்புக்கடை வெச்சிருக்கோம், ஜோடி மாறிக் கிடந்தா எனக்குக் கை சும்மா இருக்காது. முன்னாடி ரெண்டையும் பின்னாடி ரெண்டையும் ஒட்ட வெச்சுப் பார்த்துச் சரியா ஜோடி சேர்த்து, ஒரு ஜோடியை வாசல்லயே வெச்சுட்டு வந்தேனே, அது உங்க கையில கிடைச்சுதா?"