ஊமை டிரைவர்களும் உங்கள் தங்கையும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அதாவது, நானே சமைத்ததை நானே சாப்பிட்டும் நலமாக இருக்கிறேன். அங்கே உங்கள் நலத்தையும், அக்காவின் நலத்தையும், கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கையின் மனநிலையையும் அறிய ஆவல். போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. எடுத்தாலும் வாய்க்குள்ளேயே பேசுகிறாள், ஒரு வார்த்தை விளங்குவதில்லை. ஆகவே கடிதம்.

அவள் பக்கத்தை அவள் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் இருவருக்கும் பிடித்த பழைய பாட்டு ஒன்று உண்டு. நடுவில் சின்னதாக ஒரு மணியோசை வரும். அந்த இடம் வந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அந்தப் பாட்டைப் போட்டேன். பாட்டு ஓடியது, அவள் சிரித்தாள், மணியோசையை மட்டும் காணோம். ஸ்பீக்கருக்கு வயசாகிவிட்டது என்று அவளிடம் சொன்னால், “நல்லாத்தானே கேக்குது” என்கிறாள். அவளுக்கு எப்போதுமே பழைய சாமான்கள் மேல் ஒரு பரிவு. அந்த மணியோசையை அவளுக்கு மீட்டுக் கொடுக்காமல் விடுவதில்லை என்று, புத்தக அலமாரியில் அடங்குகிற அளவில் ஒரு ஜோடி ஸ்பீக்கரை நானே செய்யக் கிளம்பினேன்.

ஸ்பீக்கரில் கீச்சென்ற உச்ச சத்தங்களைக் கொடுப்பதற்கு கம்ப்ரஷன் டிரைவர் என்று ஒரு சாமான் உண்டு. உள்ளங்கை அளவு காந்தம், அதற்குள் மெல்லிய தகடு. (வண்டி ஓட்டுகிறவர் இல்லை என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.) அது தனியாகக் கத்தினால் சத்தம் கண்டபடி சிதறும். கேட்கிறவர் பக்கம் அதைத் திருப்பிவிட முன்னால் புனல் மாதிரி ஒரு வாய் பொருத்த வேண்டும். அதன் பெயர் வேவ்கைடு. இரண்டையும் மாட்டி, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு விசில் சத்தத்தை விட்டு, அதை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போவதுதான் சோதனை. நான் சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். விசில் ஏறியது, ஏறியது, பாதி வழியில் பட்டென்று செத்துப்போனது. கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு டிரைவர் வாங்கி வந்தேன். அதுவும் அதே இடத்தில் ஊமை. அதற்கடுத்ததும் ஊமை. கடைக்காரர் தன் மேஜையில் மாட்டிக் காட்டி, “சார், காதைத் துளைக்குதே, இன்னும் என்ன சார் வேணும்?” என்று காதைப் பொத்திக்கொண்டு நடித்தார். எப்படிப்பட்ட நடிப்பு என்கிறீர்கள்! சரி, மைக் வைத்து அளப்போம் என்று அளந்தால், சத்தம் எங்குமே குறையாத மாதிரி திரையில் கோடு கடைசிவரை நேராகப் போகிறது. மைக்கும் கோளாறு. பிறகு வேவ்கைடு மேல் சந்தேகம் வந்து, பிளாஸ்டிக்கில் ஒன்று, மரத்தைக் குடைந்து ஒன்று, கடைசியில் உங்கள் தங்கை எண்ணெய் ஊற்ற வைத்திருந்த எவர்சில்வர் புனலின் அடியை அறுத்து ஒன்று என்று மாற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கர் பெட்டிக்குள் அடைக்க அவளுடைய தலையணைப் பஞ்சையும் கொஞ்சம் எடுத்தேன். கொஞ்சம்தான் மச்சான், தலையணை இன்னும் தலையணையாகத்தான் இருக்கிறது.

இதெல்லாவற்றையும் அவள் பொறுத்துக்கொண்டாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் விசில் செத்த பிறகு சமையலறையிலிருந்து ஓடிவந்து, “அந்தக் கீச்சை நிறுத்துங்க, மண்டை வெடிக்குது!” என்று கத்துவாள். ஊமையாகக் கிடக்கிற டிரைவரில் கீச்சு எங்கிருந்து வரும்? எனக்குக் கவலையாகிவிட்டது. சிலருக்கு இல்லாத இரைச்சல் காதில் கேட்குமாம். “உனக்குத்தான் காதுல ஏதோ கோளாறு, வா, டாக்டரைப் பார்ப்போம்” என்று அன்பாகத்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு நாய் எங்கள் வாசலில் வந்து நின்று ஊளையிட்டது. நான் சோதனை செய்யும்போதெல்லாம் அது வரும். “பாவம், அதுக்கும் உன்னோட வியாதிதான் போல” என்றேன். ஒரு ஆராய்ச்சிக் குறிப்பாகச் சொன்னேன் மச்சான்! அதற்கு மேல் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். துணிப்பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து நின்றிருப்பாள்.

அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. பாட்டுப் போட்டால் சிரிக்க ஆளில்லை. நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்லி அவளை அனுப்பிவைக்க வேண்டும். காது விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் சொன்னால் எரிந்து விழுகிறாள், அண்ணன் சொன்னால் கேட்பாள். வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும், நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்வேன். உங்களுக்கும் அக்காவுக்கும் என் வணக்கம், பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

உங்கள் அன்பை என்றும் நம்பியிருக்கும்,
தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதுவது. நான் திரும்பி வந்த பிறகும், காது விஷயம் உனக்குத் தெரிய வேண்டும் என்று இதை அனுப்பியே தீருவேன் என்றார்; தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று இவரிடமிருந்து கடிதத்தை வாங்கிக்கொண்டேன். உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவள் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வாசலில் அழைப்பு மணியை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன், திறக்கவில்லை. என் சாவியால் திறந்து உள்ளே போனால், தெருவே எழுந்து வருகிற மாதிரி ஸ்பீக்கர் கீச்சிட்டுக்கொண்டிருக்கிறது. இவர் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து, “இதுவும் ஊமை” என்று தலையில் கைவைத்திருக்கிறார். தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்து, கண் கலங்கி, “உன் குரலைக் கேட்டப்புறம்தான் உயிரே வந்தது” என்றார். நான் அதுவரை வாயே திறக்கவில்லை.

இத்தனை நாள் எனக்கும் உறைக்கவில்லை பார், சண்டைதான் போட்டிருக்கிறேன். நேராகச் சொன்னால் டாக்டரையும் கோளாறு என்று சொல்லிவிடுவார். அதனால் எனக்குத்தான் காதில் இரைச்சல் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். நாளைக்குப் போகிறோம், துணைக்கு வருகிறவர்களுக்கும் பரிசோதனை உண்டு என்று டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு வைத்தியம் என்றதும் இவருக்கு ஒரே பரிதவிப்பு, என் கையை விடமாட்டேன் என்கிறார். நீ போன் செய்யும்போது மறக்காமல் என் காது எப்படி இருக்கிறது என்று விசாரி. கொஞ்சம் சத்தமாகவே விசாரி, இவருக்கும் கேட்க வேண்டும்.