மொய்க்கு வந்த குயில்காசு

ஒரு காட்டில், சிங்கம் பல் விழுந்து ஓய்வெடுக்கப் போய் ராஜா நாற்காலி காலியாகக் கிடந்த காலத்தில், சன்னாசி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தான். மனைவி பூவாயி, குட்டிகள் மூன்று. சொத்து என்று பார்த்தால் புளியமரத்தடியில் ஒரு பழைய வளை. நாலு தூறல் போட்டால் உள்ளே தண்ணீர் வந்துவிடும். ஒரு ஐப்பசியில் கடைசிக் குட்டி தூங்கியபடியே தண்ணீரில் மிதந்து வாசலுக்கு வந்துவிட்டது. அன்று பிடித்தது சன்னாசிக்கு ஒரே வெறி. மேட்டில் மழை ஏறாத ஒரு வளை வேண்டும், குட்டிகள் காய்ந்த மண்ணில் படுக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவனுக்கு இல்லை.

அந்தக் காட்டில் அப்போது காசு என்றால் புளியங்கொட்டை. வருஷா வருஷம் மரம் புதுசாக உதிர்க்கும், பழசைப் புழு அரிக்கும். சேர்த்து வைத்தால் மதிப்பு தேய்ந்துவிடும் என்பதால் கைக்கு வந்ததை அவனவன் செலவழித்தான். ஒருவன் செலவு இன்னொருவனுக்குக் கூலியானது. கொஞ்சம் அழுக்கான ஏற்பாடுதான், ஆனால் எல்லோர் வயிறும் நிறைந்தது.

அங்கே வந்து சேர்ந்தது ஒன்று. நரி என்றுதானே நினைக்கிறீர்கள்? அடப் போங்கள், நரிக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் அது ஏன் இன்னும் புளிக்கிற திராட்சையைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறது? வந்தது குயில். ஆயுளில் ஒரு கூடு கட்டாத குயில், ஆலமரத்தில் உட்கார்ந்து சேமிப்பைப் பற்றி வகுப்பு எடுத்தது. குரல் இனிமையாக இருந்ததால் எல்லோரும் குயிலார், குயிலார் என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"புளியங்கொட்டையை நம்பாதீங்க. மரம் உதிர்த்துக்கிட்டே இருக்கும், உங்க சேமிப்பு கரைஞ்சுக்கிட்டே இருக்கும்" என்றார் குயிலார். "என் காசு மொத்தமே ரெண்டாயிரம்தான். பிரம்மாவே இறங்கி வந்தாலும் ரெண்டாயிரத்து ஒண்ணு ஆகாது. அதனால இதோட மதிப்பு ஏறும், ஏறும், ஏறிக்கிட்டே இருக்கும்."

"காசு எங்க இருக்கு?" என்று கேட்டது ஒரு முயல்.

"எங்கயும் இல்ல. அதான் அதோட சிறப்பு. யார் கணக்குல எவ்வளவுன்னு காக்காங்க சொல்லும். ஒரு காக்கா கத்தினா காட்டுல இருக்கிற அத்தனை காக்காவும் அதையே கத்தும். அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது."

தன் முட்டையையே காக்கைக் கூட்டில் போட்டு வளர்க்கிற ஜாதி, கணக்கையும் அதே காக்கையிடம் கொடுத்ததில் என்ன ஆச்சரியம்? நூறு தடவை கத்தினால் காக்கைக்குக் கால் காசு கூலி. ரெண்டாயிரத்தில் ஆயிரம் காசு முதல் நாளே குயிலார் பெயரில் கத்தியாகிவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை. பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. மிச்சத்தைக் காடு புளியங்கொட்டையைக் கொட்டிக்கொடுத்து வாங்கிக்கொண்டது.

சன்னாசிக்கு வளை தோண்ட முதல் வேண்டும். அந்தக் காட்டு வழக்கப்படி, பணமுடை வந்தவன் ஆடியில் மொய் விருந்து போடுவான். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் வைப்பார்கள். பிறகு அவரவர் விருந்து போடும்போது, வாங்கிய மொய்யை மேலே ஒன்று சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும். வட்டியும் கிடையாது, பத்திரமும் கிடையாது. மானம்தான் ஜாமீன்.

"மொய்யைக் கொட்டையாவே வாங்குங்க" என்றாள் பூவாயி. "கண்ணால பார்க்காத காசு, காதால கேக்குற காசு, நமக்கு எதுக்கு?"

"ஊரே அதுலதான் இருக்கு. நாம மட்டும் கொட்டையைக் கட்டிக்கிட்டு அழணுமா? நீ கிழங்கை வேக வை" என்றான் சன்னாசி.

வேக வைத்தாள். முப்பது குடும்பம் வந்தது. கிழங்கு சூடாக இருந்தது, தொட்டுக்கொள்ளத் தேன் இருந்தது. முதல் ஆளாகக் கை நனைத்தவன் உடும்பு வைரவன். பிடித்தால் விடமாட்டான் என்று பெயரெடுத்தவன். ஏப்பம் விட்டபடி காக்கையைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"வைரவன், சன்னாசிக்கு ரெண்டு காசு!" என்றது காக்கை. காடு முழுக்க அதையே கத்தியது. அன்றைக்கு ஒரு காசுக்கு ஒரு கிழங்கு. குடும்பத்துக்கு ரெண்டாக அறுபது காசு சேர்ந்தது. சன்னாசிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

அறுபதையும் அப்படியே குழிப்பாண்டி என்ற பெருச்சாளிக்குக் கூலியாகக் கொடுத்தான். குழிப்பாண்டி தோண்டினால் மண் பேசும். மேட்டில் ரெண்டு வாசல் வைத்து, படுக்கிற இடத்தை உயர்த்தி, தண்ணீர் ஓட ஒரு சரிவும் விட்டு, நகம் தேயத் தோண்டி முடித்தான். அந்த ஐப்பசியில் குட்டிகள் காய்ந்த மண்ணில் படுத்துக் குறட்டை விட்டன. சன்னாசி வாசலில் உட்கார்ந்து, மழையைப் பார்த்து நாக்கைத் துருத்தினான்.

குழிப்பாண்டி அறுபது காசையும் பிள்ளைகுட்டிகளோடு தின்று தீர்த்தான். "பாரு, தின்னே அழிக்கிறான். இவனெல்லாம் எங்க உருப்பட?" என்று காடு சிரித்தது.

ஏனென்றால் அதற்குள் காட்டுக்குப் புத்தி வந்துவிட்டது. வந்த புத்தி குயிலாருடையது.

"இன்னைக்கு ஒரு காசுக்கு ரெண்டு கிழங்கு. நாளைக்கு மூணு. அப்ப இன்னைக்கே வாங்கித் தின்கிறவன் யாரு?"

"மடையன்!" என்று வகுப்பு முழுக்கக் கத்தியது.

யாரும் எதையும் வாங்கவில்லை. மரநாய் பல்வலியோடு மருந்து வாங்காமல் அலைந்தான். அணில் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டது, பந்தல்காரன் இன்னும் மலிவாக வருவானாம். மழையில் இடிந்த வளைகளை ஒருத்தரும் சரி செய்யவில்லை. அடுத்த மாதம் பாதிக் காசுக்கு ஆள் கிடைக்கும்போது இன்று ஏன் தோண்ட வேண்டும்? தோண்டத் தெரிந்த குழிப்பாண்டி வேலையில்லாமல் வேரைச் சப்பிக்கொண்டு கிடந்தான். கையிலே காசு வாயிலே தோசை என்பார்கள். இந்தக் காட்டில் காசு காக்கை வாயில், நம்மவர் வாயில் ஈ. ஆனால் ஒவ்வொரு நாயும் நரியும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. எல்லோரும் பணக்காரர்களாம்!

சன்னாசியால்தான் அப்படி நடக்க முடியவில்லை. மொய்யைத் திருப்பி வைக்கக் காசு வேண்டும். காசுக்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி கிழங்கு தோண்டி விற்பது. ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு முயல் வீட்டுக்குப் போனான்.

"ஒரு காசுக்கு அம்பது கிழங்கு தரேன்."

"நாளைக்கு அறுபது தருவியா?"

"தர மாட்டேன்."

"வேற வழி? தருவே" என்று முயல் கதவைச் சாத்திக்கொண்டது. அதன் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. பசியில் தள்ளாடிக்கொண்டே சேமித்தது அந்த மூதேவி.

அடுத்த ஆடி வந்தது. வைரவன் விருந்து போட்டான். விருந்து என்று பெயர், இலையில் ஆளுக்கு ஒரு ஈசல். சன்னாசி கிழங்கு மூட்டையை இறக்கிவைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, நீங்க வெச்ச ரெண்டு காசுக்கு அப்ப ரெண்டு கிழங்கு. இதுல நாப்பது இருக்கு. ஏத்துக்கணும்."

"நான் கிழங்கா வெச்சேன்? காசு வெச்சேன். காக்கா கத்தினதை ஊரே கேட்டுச்சு" என்றான் வைரவன். "ரெண்டும், வழக்கத்துக்கு ஒண்ணும், மூணு காசு. எடு."

மூன்று காசு என்றால் நூற்றைம்பது கிழங்கு, அதுவும் வாங்க ஆள் கிடைத்தால். இன்னும் இருபத்தொன்பது குடும்பம் வரிசையில் நிற்கிறது. சன்னாசி தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். விடிந்து எழுந்தால், "சன்னாசி பாக்கி! சன்னாசி பாக்கி!" என்று மரத்துக்கு மரம் காக்கை. ஒன்றைக் கல்லால் அடித்தான், பக்கத்து மரத்தில் பத்து கத்தின. குட்டிகள் வெளியே விளையாடப் போவதையே நிறுத்திவிட்டன. அதைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.

ஆலமரத்தடிக்குப் போய் அழுதான். "குயிலாரே, நான் வாங்கினது அறுபது கிழங்கு பெறும். இப்ப மூவாயிரம் கிழங்கு தோண்டினாலும் தீராது. ஒரு பொய் சொல்லல, ஒருத்தனை ஏமாத்தல. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"செலவு செஞ்சே."

"வீடுதானே கட்டினேன்?"

"அதைத்தான் சொல்றேன். என்னைப் பாரு, ஒரு கூடு கட்டியிருப்பேனா?" என்று சொல்லிவிட்டு ஒரு ராகம் இழுத்தார் குயிலார்.

சன்னாசி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டினான். அந்தக் காசைத் திட்டினான், கண்டுபிடித்தவனைத் திட்டினான். "இது காசா? ஏழை கழுத்துல கட்டின கல்லு! வாங்கும்போது கூழாங்கல்லு, திருப்பும்போது பாறாங்கல்லு! இதுல ஒரு நியாயம் உண்டா?" என்று புதரைப் பார்த்துக் கத்தினான். நியாயமான பேச்சு. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மொய் திருப்பாதவன் வளையை ஏலம் விடுவது வழக்கம். வைரவன் முன்னால் நின்று ஏலத்தைக் கூட்டினான். "அறுபது காசு வளை! ஒரு காசுக்கு யாரு கேக்குறீங்க?"

காடே வந்திருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அரைக் காசு?"

"அடுத்த வாரம் கால் காசுக்கு வரும்" என்று மரநாய் அணிலிடம் கிசுகிசுத்தான். அணில் தலையாட்டியது. ஏலம் அடுத்த வாரத்துக்குப் போனது. அந்த வாரம் வந்தது, இன்னும் மலியும் என்று அதற்கடுத்த வாரத்துக்குப் போனது. கொள்ளை மலிவாகக் கிடக்கிற வளையை வாங்க ஆள் இல்லை, இன்னும் கொள்ளையாக வேண்டுமாம். வாராவாரம் பூவாயி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்பாள், சாயந்திரம் திரும்ப உள்ளே போவாள். இப்படியே புரட்டாசி கழிந்தது.

ஐப்பசி பிறந்தது. ஏலத்தின் நடுவிலேயே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. சரி செய்யாத வளைகள் ஒவ்வொன்றாகப் பொதபொதவென்று உட்கார்ந்தன. இருட்டுவதற்குள் காட்டில் காய்ந்த இடம் என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம். சன்னாசியின் வளை.

வாசலில் முதலில் வந்து நின்றவன் வைரவன். வாலெல்லாம் சேறு. "தம்பி, கொஞ்சம் நகந்து இடம் குடுடா."

சன்னாசி அவனை மேலும் கீழும் பார்த்தான். "தலைக்கு ஒரு ராத்திரிக்கு மூணு காசு."

"மூணு காசா! நூத்தம்பது கிழங்குடா அது!"

"நான் கிழங்கா கேட்டேன்? காசு கேட்டேன்."

வைரவன் காக்கையைக் கூப்பிட்டான். காக்கைகள் நனைந்த துணி போலக் கிளையில் ஒட்டிக்கொண்டிருந்தன, ஒன்றும் வாய் திறக்கவில்லை. காக்கை கத்தாத நாளில் நானூறு காசுக்காரனும் ஓட்டாண்டிதான். பின்னால் காடே நனைந்துகொண்டு நின்றது.

"அப்ப கடனா இருக்கட்டும்" என்றான் சன்னாசி. "காசாத்தான் திருப்பணும். மழை விட்டதும் காக்காகிட்ட சொல்லிடணும். உள்ள வரவங்க எல்லாரும் சாட்சி." சொல்லும்போதே அவன் வாய்க்குள் தேன் மாதிரி இனித்தது.

எல்லோரும் ஒப்புக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். கடைசியாக, குஞ்சுகளை முதுகில் போட்டுக்கொண்டு குழிப்பாண்டி வந்தான்.

"அண்ணே, நான் தோண்டின வளைதானே. ஒரு ஓரமா ஒண்டிக்கிறோம்."

பூவாயி, "பாவம், அவங்களைச் சும்மா விடுங்க" என்றாள்.

சன்னாசி வாசலை விட்டு அசையவில்லை. "தோண்டினதுக்குத்தான் கூலி குடுத்தாச்சே. அறுபது காசு! காக்கா கத்தினதை ஊரே கேட்டுச்சே. அது எங்க?"

"தின்னுட்டோம் அண்ணே."

"அதான் உன் தப்பு. செலவு செஞ்சுட்டே" என்றான் சன்னாசி. "மூணு காசு. குஞ்சுக்கு ஆளுக்கு ஒண்ணு. கடனா வேணா வெச்சுக்க."

குழிப்பாண்டி குஞ்சுகளைப் பார்த்தான், மழையைப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

மழை ஒரு வாரம் விடவில்லை. விட்ட அன்று காக்கைகள் தொண்டை கட்டும்வரை கத்தின. முப்பது குடும்பத்தின் மொய்யும் கழிந்து, மிச்சமும் சன்னாசி பெயரில் ஏறியது. கொடுக்க ஒன்றும் இல்லாத குழிப்பாண்டி மட்டும் கடனுக்குத் தோண்டத் தொடங்கினான். ஒரு வளை தோண்டி முடிப்பதற்குள் காசு ஏறிவிடும், கடன் அப்படியே நிற்கும். மறுபடி தோண்டுவான். மேடு முழுக்கச் சன்னாசிக்கு வாடகை வளைகள்.

இப்போது ஆலமரத்தடியில், குயிலாருக்கு நேர் கீழே, சன்னாசிக்கு ஒரு ஆசனம் உண்டு. புதிதாக வந்த குட்டிகளுக்கு அவன்தான் முதல் பாடம் எடுக்கிறான்: "ரெண்டாயிரம்தான். பிரம்மாவே வந்தாலும் ஒண்ணு ஏறாது. இதைவிட நியாயமான காசு உலகத்துல உண்டா?"

ஒரு நாள் சோறு போடும்போது பூவாயி சொன்னாள்: "உங்களுக்கு முள்ளு வெளியிலதான் இருக்குன்னு நெனச்சேன்."

சன்னாசிக்கு அது காதில் விழவில்லை. காக்கை அவன் கணக்கைக் கத்திக்கொண்டிருந்தது.

நீதி: கடன்பட்டவன் வாயில் அநியாயமாக இருக்கும் காசு, கடன் கொடுத்தவன் வாயில் தர்மமாகிவிடும். ஆகவே குழந்தைகளே, நியாயம் பேச ஆசையிருந்தால் முதலில் வரவுப் பக்கம் போய் உட்காருங்கள். வளை தோண்டத் தெரிந்தால் மட்டும், தயவுசெய்து, அதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.