தணலர் தந்த பாரம்

இரும்பைத் தாமரையாக விரிய வைக்கத் தெரிந்தவர் கிளிநொச்சி முழுவதிலும் ஒருவர்தான். அந்தத் தாமரையைத் தூக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும் என்பது தெரியாதவரும் கிளிநொச்சி முழுவதிலும் ஒருவர்தான். அந்த இரண்டு பேரும் ஒரே ஆள். எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையில் அவருக்குப் பெயர் தணலர்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. கந்தோர் வரவுப் புத்தகத்துக்குள் அது பத்திரமாகக் கிடந்தது. அவரும் நானும் ஒரே கந்தோர்தான், அடுத்தடுத்த வீடும்தான். காலையில் இருந்து நாலேகால் மணி வரைக்கும் அவர் ஃபைல்களுக்கு நாடா கட்டுகிற சாதுவான கிளாக்கர். ஐந்து மணிக்குச் சாரத்தை மடித்துக் கட்டினால் கொல்லர். பரம்பரைத் தொழில் ஒன்றும் இல்லை. கைபேசியில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் இரும்பு அடிப்பதைப் பார்த்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் படித்த தொழில். “அவன் சொல்லுறது எனக்கு விளங்காது தம்பி. இரும்பு செய்யிறது விளங்கும்” என்பார்.

பழைய கார் றிம் ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே புற்றுமண் பூசி, சிரட்டைக்கரி போட்டால் அதுதான் உலை. இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்லுக்குத் தண்டவாளத் துண்டு. சண்டைக் காலத்தில் யாரோ பதுங்குகிற பங்கருக்கு மேலே அடுக்கி, பிறகு யாரோ தோண்டி எடுத்து வேலிக்கு முட்டுக் கொடுத்த துண்டு அது. துருத்திக்குத்தான் ஆள் திண்டாடிப்போனார். கடைசியில் மனைவி தலைமயிர் காயவைக்க அவருடைய தங்கை கனடாவில் இருந்து அனுப்பிய மெசினைத் தூக்கிக்கொண்டு வந்து உலை வாயில் சொருகிவிட்டார். அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவா. எங்களுக்கெல்லாம் ரீச்சர் அக்கா. அன்றைக்குப் பின்னேரம் ஈரத் தலையோடு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னா: “தம்பி, உங்கடை அண்ணை என்ரை மெசினாலை ஆணி காயவைக்கிறார். வந்து ஒருக்கா ஞாயம் கேளுங்கோ.”

நான் ஞாயம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை, என் இடுப்பு நோவும் இல்லை.

தணலருக்கு ஒரே ஒரு ஆசைதான். தான் செய்த சாமான் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். தீபாவளி, நத்தார், பொங்கல் என்று எந்தப் பெருநாள் வந்தாலும் வீட்டுக்கு ஒன்று செய்வார். சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்து, றிபன் கட்டித் தருவார். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது தீபாவளித் தாமரை விளக்கு. உழவு மெசினின் கலப்பைத் தட்டை வெட்டி இதழ் இதழாக விரித்திருந்தார். வடிவு என்றால் அப்படி ஒரு வடிவு. சாமித் தட்டில் வைத்தோம். தட்டு, படங்கள், விபூதிக் கிண்ணம், விளக்கு எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கின. விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலத்துச் சீமெந்துதான் வெடித்தது.

அடுத்தது பொங்கல் அகப்பை. லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. என் மனைவி அதைப் பானைக்குள் விட்டுக் கைப்பிடியை விட்டதுதான் தாமதம், பானை மெல்லச் சரியத் தொடங்கியது. பால் கிழக்கே பொங்கி வழிய வேண்டும் என்று கிழக்கைப் பார்த்துக் கைகூப்பி நின்றுகொண்டிருக்கிறோம்; பாலும் அரிசியும் பானையும் அகப்பையும் சேர்ந்து மேற்கே போய்விட்டன. அந்த வருசம் முழுக்க எனக்குத் தும்மல் தடிமன் வந்தாலும் சரி, மனைவிக்கு அரைத்த மாவு புளித்தாலும் சரி, பழி அகப்பைக்குத்தான்.

தணலருக்கு மற்றப் பக்கத்து வீட்டுத் திரேசம்மா அக்கா இயேசு பிறந்த நத்தாருக்குப் பெற்ற நட்சத்திரம் விறாந்தை மழைத்தண்ணீர்ப் பீலியையும் கூட்டிக்கொண்டு விழுந்தது. எதிர் வீட்டுக்காரருக்குக் கிடைத்த இரும்புச் சேவலை அவர் கேற்றுத் தூணில் பூட்ட, தூண் சரிந்து கேற்று அன்றிலிருந்து பூட்டுப்படவில்லை.

இந்த நேரத்தில்தான் நானா எங்கள் ஒழுங்கைக்கு வரத் தொடங்கினார். முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி வந்து குடியேறிய முஸ்லிம் மனுசர்; அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன். சின்ன லொறி ஒன்றில் ஒலிபெருக்கி கட்டி வருவார். “பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம்! பேசின் இருக்கு, வாளி இருக்கு!” இரும்பைக் கொடுத்தால் பிளாஸ்டிக் பேசின் தருவார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தாமரையைப் பார்த்தேன். தணலர் கந்தோரில் இருந்தார். நான் காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தேன். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம்.

“இது என்ன சேர், உழவு மெசின்ரை சாமானோ?”

“இல்லை நானா. விளக்கு.”

நானா விளக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒரு நீலப் பேசினை எடுத்துத் தந்தார். அடுத்த மாதம் பார்த்தால் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கிணற்றடியில் நீலப் பேசின்.

மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பொய் வேண்டுமே. “தாமரை எங்கை தம்பி, காணேல்லை?” என்று தணலர் கேட்டபோது எனக்கு வாயில் வந்தது இதுதான்: “பளையிலை சித்தி வீட்டுக் கலியாணம் அண்ணை. வடிவா இருக்குமெண்டு கொண்டு போட்டினம்.” எதிர் வீட்டுக்காரர் தன் தீபாவளிச் சாமானைத் தர்மபுரத்துக்கு அனுப்பினார். திரேசம்மா அக்கா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவா. தன் தீபாவளிச் சாமானுக்கு “மல்லாவி” என்று ஊரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா. தணலர் மனங்கோணவில்லை. கந்தோரில் தேத்தண்ணி குடிக்கும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “என்ரை சாமான் எல்லாம் வன்னி முழுக்கப் போகுது தம்பி. இனி இன்னும் கொஞ்சம் கவனமாச் செய்யவேணும்.” கவனமாக என்றால் அவருடைய அகராதியில் இன்னும் தடிப்பாக, இன்னும் பாரமாக.

இப்படி இரண்டு வருசம் ஓடியது. மூன்றாம் வருசம் கார்த்திகை மழையில், ஒழுங்கை முடிவில் இருக்கும் சின்னத் தேவாலயத்தின் மூங்கில் நட்சத்திரம் ஊறி உடைந்துபோனது. சோடனைக்குப் பொறுப்பு திரேசம்மா அக்கா. என்ன நினைத்தாவோ, போய்த் தணலரிடமே கேட்டுவிட்டா. யோசித்துப் பாருங்கள், அவர் கேட்காமலே கொடுத்த மனிதர். ஒருவர் வாய்விட்டு எனக்கு ஒன்று செய்து தா என்று அவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று கந்தோரில் அவர் கட்டிய ஃபைல் நாடாக்கள் எல்லாம் பூ முடிச்சு.

சனிக்கிழமை காலை நானாவின் லொறி வந்தது. நட்சத்திரத்துக்கு நீளப் பட்டை வேண்டும் என்று தணலர் முதல் ஆளாக ஓடினார். அவருக்குத் தெரியாது, லொறி ஒழுங்கையின் மற்றப் பக்கத்தால் வந்து எங்கள் வீடுகளை ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தது. நத்தாருக்கு முன்னம் வீடு துப்புரவாக்குகிற நாள் அது. நான் வேலியோரம் நின்று பார்த்தேன். லொறியில் எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் பொங்கல் அகப்பை. பக்கத்தில் எதிர் வீட்டுச் சேவல். அதற்குப் பக்கத்தில் திரேசம்மா அக்காவின் பழைய நட்சத்திரம், றிபனோடு.

நானா ஒன்றும் அறியாத மனிதர். “நல்ல இரும்பு சேர்” என்றார். “இந்த ஒழுங்கையிலை எப்பவும் இப்பிடித்தான், நல்ல கனமான இரும்பாக் கிடைக்கும். ஒருக்கா ஒரு தாமரை கூடக் கிடைச்சது.”

தணலர் அகப்பையைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். “ஓம். நல்ல இரும்பு” என்றார். திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

அன்று ஐந்து மணிக்குச் சுத்தியல் சத்தம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு கிழமை முழுக்க இல்லை. இந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று எத்தனையோ நாள் பல்லைக் கடித்தவன் நான். நின்றபின் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. ரீச்சர் அக்கா தலைமயிர் மெசினைத் துடைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னா. சந்தோசப்பட்டுச் சொல்லவில்லை. கந்தோரில் தணலர் என்னோடு நல்லாகத்தான் கதைத்தார். கடிதத் தலைப்பு, திகதி, இலக்கம் பற்றி மட்டும் கதைத்தார்.

எட்டாம் நாள் போனேன். உலைக்குப் பக்கத்தில் கதிரை போட்டுச் சும்மா இருந்தார்.

“அண்ணை, பிழை எங்கடைதான். பாரமெண்டு முதல் நாளே சொல்லியிருக்கவேணும். சொல்ல வெக்கமாப் போச்சு.”

“பாரமெண்டு எனக்குத் தெரியாதோ தம்பி? சைக்கிளிலை வைச்சு உருட்டிக்கொண்டு வந்தவன் நானெல்லோ.”

“பிறகேன் அண்ணை? கொஞ்சம் மெல்லிசா அடிச்சிருக்கலாமே?”

அவர் றிம்முக்குள் கிடந்த சாம்பலைக் குச்சியால் கிளறினார்.

“நாங்கள் ஒரு சாமான் வாங்கேக்கை முதல் என்ன பாக்கிறனாங்கள்? இது சைக்கிள் கரியரிலை கட்டுப்படுமோ, சண்டை வந்து ஓடேக்கை தூக்கலாமோ. ரீச்சரின்ரை தையல் மெசினைத் தர்மபுரத்திலை விட்டிட்டு வந்தனாங்கள், தூக்க ஏலாமல். இண்டைக்கும் அவா கடையிலை எதையும் ஒருக்காத் தூக்கிப் பார்த்திட்டுத்தான் வாங்குறா. எனக்கு அது பிடிக்கேல்லை. இனி ஒருதரும் ஓடத் தேவையில்லையெண்டு நினைச்சு, தூக்க ஏலாத சாமானா ஒவ்வொரு வீட்டிலையும் ஒண்டு இருக்கட்டும் எண்டு செய்தனான். நீங்கள் அதையும் தூக்கிப் போட்டியள்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்து நேரே திரேசம்மா அக்கா வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னேன். அவா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால் புகுந்து தணலருக்கு முன்னால் போய் நின்றா.

“தம்பி, நத்தாருக்கு ரெண்டு கிழமைதான் கிடக்கு. நட்சத்திரம் எங்கை?”

“அது பாரமா வரும் அக்கா.”

“வரட்டும். எவ்வளவு பாரமெண்டாலும் வரட்டும். தூண் நாங்கள் கட்டுறம். நீர் அடியும்.”

அடுத்த நாள் ஐந்து மணிக்கு அலுமாரிக்குள் இருந்து மெசின் வெளியே வந்தது. கொண்டுவந்து கொடுத்தது ரீச்சர் அக்கா.

எங்கள் பக்கத்தில் வேலை தூண். மார்கழியில் கிளிநொச்சியில் கிடங்கு வெட்டியவர்களுக்குத் தெரியும், இரண்டு அடிக்குக் கீழே போனால் கிணறுதான். மூன்று தரம் வெட்டினோம், மூன்று தரமும் தண்ணீர். நீலப் பேசின்களால் இறைத்தோம். அந்தப் பேசின்களுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திராது. எதிர் வீட்டுக்காரர் கொங்கிறீட் குழைத்தார். நானா லொறியைப் பின்னுக்கு எடுத்து வந்து, நாலு பேரோடு ஐந்தாவது ஆளாகத் தோள் கொடுத்தார். நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் நட்சத்திரம் ஏறியது. ஸ்பிரிங் பட்டையில் ஐந்து முனை, நடுவில் சைக்கிள் பல்சக்கரம், உள்ளே ஒரு பல்ப். அன்றைக்கே மழையும் காற்றுமாக ஒரு பிடி பிடித்தது. ஒழுங்கையில் ஒரு வாழை சரிந்தது, இரண்டு தகரம் பறந்தது. நட்சத்திரம் இம்மியும் அசையவில்லை. தணலர் குடை இல்லாமல் அதன் கீழே நின்றார். நாங்களும் நின்றோம்.

நத்தார் முடிந்து கழற்றுவது பற்றி யாரும் கதைக்கவில்லை. அதைக் கழற்ற யார் வருவார்? பொங்கலுக்கும் அது எரிந்தது, அடுத்த தீபாவளிக்கும் எரிந்தது.

போன வருசம் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. வீட்டுச் சாமான் ஏற்ற லொறி வந்து நின்றபோது, தணலரும் எதிர் வீட்டுக்காரரும் மூச்சுவாங்க ஒரு இரும்பு வாங்கைச் சுமந்துகொண்டு வந்து கேற்றடியில் வைத்தார்கள். பெஞ்சு மாதிரி இரண்டு பேர் அமரலாம். “நீரும் தங்கச்சியும் இருந்து தேத்தண்ணி குடியுங்கோ” என்றார்.

லொறிக்காரர் வாங்கின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். உடனே வைத்துவிட்டார். “அண்ணை, இந்தச் சாமானை விட்டிட்டுப் போவமோ?”

“அதை முதல்லை ஏத்துங்கோ” என்றேன்.