கொஞ்சம் இடம் குடுங்க

"எம் பொண்ணு எப்பவும் கொஞ்சம்தான் கேப்பா, மாப்ளே" என்றார் என் மாமனார், கல்யாணத்துக்கு மறுநாள். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து வாடகைப் பாத்திரங்களை லாரியில் ஏற்றினார்கள். மிச்சம் காதில் விழவில்லை. விழுந்த பாதியே போதும் என்று இருந்துவிட்டேன். கொஞ்சமாகக் கேட்கும் மனைவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்?

குடும்பத்தோடு இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் திரும்பி வந்த பிறகுதான் அந்தச் சொல்லை உட்கார்ந்து யோசித்தேன். என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி இவற்றோடு வரும் சிறு புத்தகங்களைத் தமிழாக்குவேன். வரிக்கு வரி 'தயவுசெய்து' வரும். 'தயவுசெய்து விரலை உள்ளே விடாதீர்கள்.' எந்தத் தமிழ் வீட்டிலாவது, யாராவது 'தயவுசெய்து' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நம் மரியாதைக்கு வேறு சொல் இருக்கிறது. கொஞ்சம்.

பஸ்ஸில் ஒருவர், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார். அடுத்த நிறுத்தத்தில் நம் பாதி உடம்பு காற்றில் இருக்கும். பல் டாக்டர், "கொஞ்சம் வலிக்கும்" என்பார். ஆபீஸில், "கொஞ்சம் இருங்க" என்று எழுந்து போகிறவர், சாப்பிட்டு, கை கழுவி, சிரித்துப் பேசிவிட்டுத்தான் திரும்புவார். 'கொஞ்சம்' என்று கேட்பவர் கொஞ்சுவதும் இல்லை, கெஞ்சுவதும் இல்லை. எடுத்துக்கொள்கிறார்.

என் மனைவியோ இதில் தொழில் பழகியவள். ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றில் புகார் போன் எடுக்கிறாள். மக்களின் ஃபிரிட்ஜ் சூடாகும், மக்களும் சூடாவார்கள், இவள் குரல் மட்டும் சூடாகாது. வீட்டிலும் அதே குரல்தான். "ஏங்க, கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வாங்க" என்றால் மூன்று பை. "கொஞ்சம் அலமாரியை நகர்த்துங்க" என்றால் மூன்று நாள் முதுகுவலி.

போன திங்கட்கிழமை வந்து நின்றாள்.

"ஏங்க, இனிமே வீட்டுலேர்ந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்க. உங்க ரூம்ல கொஞ்சம் இடம் குடுங்க."

என் அறை! எங்கள் வீட்டில் கதவு ஒழுங்காகச் சாத்தும் ஒரே அறை. ஜன்னலோரம் என் மேசை. சுவர் முழுக்க என் அகராதிகள். அது போனால் எனக்கு மிச்சம் ஹால்தான். ஹாலில் மாமியாரின் டிவி, காலை ஆறு மணியிலிருந்து.

அன்றுதான் சபதம் எடுத்தேன். இனி 'கொஞ்சம்' என்றால் கொஞ்சம்தான். மொழியின் மானத்தைக் காக்க ஒருவனாவது வேண்டாமா?

டேப் எடுத்தேன். கதவுக்குப் பின்னால், திறந்தால் முழங்கையில் இடிக்கிற மூலையில், மூன்றடிக்கு மூன்றடி அளந்து சாக்பீஸால் சதுரம் போட்டேன்.

"இது என்னங்க?"

"நீ கேட்ட இடம்."

"இவ்வளவுதானா?"

"கொஞ்சம்னா இவ்வளவுதான். அகராதியிலேயே இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?"

"வேண்டாங்க. ரொம்ப நன்றி."

அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். இருபத்துமூன்று வருஷத்தில் அவள் எனக்கு நன்றி சொன்னதே இல்லை. வீட்டு மனுஷனுக்கு யார் நன்றி சொல்வார்கள்? வாடிக்கையாளருக்குத்தான் சொல்வார்கள்.

மறுநாள் முக்காலி ஒன்றைச் சதுரத்துக்குள் போட்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்க சிரமம் எங்களுக்குப் புரியுதுங்க. ஐஸ் உருகிடுச்சுங்களா? கொஞ்சம் லைன்ல இருங்க." என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கொஞ்சம் ஃபேனை நிறுத்துங்க, இரையுது."

ஒரு புள்ளி குறைத்தேன்.

"நிக்கலையே?"

"கொஞ்சம் நிறுத்தியிருக்கேன்."

"ரொம்ப நன்றிங்க."

"ஏங்க, கொஞ்சம் கதவைச் சாத்துங்க."

பாதி சாத்தினேன். மிச்சப் பாதி வழியாக டிவி வந்தது.

"ரொம்ப நன்றிங்க."

மூன்று நாள் இப்படியே போனது. நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒரு வரி மொழிபெயர்க்க முடியவில்லை. வியாழக்கிழமை, 'தயவுசெய்து மூடியைத் திறக்காதீர்கள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்று எழுதியிருந்தேன். எனக்கு மூடி திறந்துகொண்டது.

"ஏய், கொஞ்சம் நிம்மதியா வேலை செய்ய விடுவியா, மாட்டியா?"

அவள் போனை ஊமையாக்கினாள்.

"என்ன வேணுங்க?"

"நிம்மதி!"

"எவ்வளவுங்க?"

"கொஞ்சம்!"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொல் வெளியே போன பிறகு.

"பதிவு பண்ணிக்கிட்டேங்க" என்றாள். "உங்க புகார் நம்பர் ஒண்ணு."

கோபத்தில் வெளியே போய் ஒரு டீ குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். திரும்பி வந்தால், ஜன்னலோரம் என் மேசை இருந்தது. மேசையில் அவள் இருந்தாள். சாக்பீஸ் சதுரத்துக்குள் என் நாற்காலி. அதன்மேல் ஒரே ஒரு அகராதி, 'கொ' பக்கம் திறந்தபடி. பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"கொஞ்சம் ஒரு கை பிடிங்கன்னாங்க சார்" என்றார், பாவம்.

"இது என்னடி அநியாயம்?"

"நீங்க கேட்டதுதாங்க. கொஞ்சம் நிம்மதி. அந்தக் கோட்டுக்குள்ள உங்களை நான் எதுவும் கேக்கமாட்டேன். ஃபேன், கதவு, கடை, எதுவும்."

"மூணடியிலயா?"

"நீங்க அளந்த கொஞ்சம்தானேங்க? ஒரு அங்குலம் குறைக்கலை."

"என் மேசை?"

"கோட்டுக்குள்ள அடங்கலைங்க. உங்க சிரமம் எனக்குப் புரியுது."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "உங்கப்பா என்ன சொல்லி உன்னைக் குடுத்தார் தெரியுமா? எம் பொண்ணு எப்பவும் கொஞ்சம்தான் கேப்பான்னார்!"

"ஆமா. 'மிச்சத்தைக் கேக்காமலே எடுத்துக்குவா'ன்னும் சொன்னாரே. நான் பக்கத்துலதானே நின்னேன்?"

அகராதியை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு திறந்து என் முழங்கையில் இடித்தது. மாமியார்.

"நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க மாப்ளே. கதவு முழுசாத் திறக்க மாட்டேங்குது."

நான் தள்ளவில்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய், வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்து, என் மூன்றடிச் சதுரத்துக்கு அழியாத கோடு போட்டேன்.