பிடில் கழுத்துக்கு வார்னிஷ் அடித்த விவகாரம்

கரமனை, திருவனந்தபுரம்
1951, சரஸ்வதி பூஜை நாள்

சிரஞ்சீவி ராமசுப்ரமணியனுக்கு கரமனை அத்திம்பேர் பிச்சுமணி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. உன்னுடைய, சௌபாக்கியவதி மங்கலத்தினுடைய, குழந்தைகளுடைய க்ஷேமத்துக்கு ஸ்ரீ பத்மநாபனைப் பிரார்த்திக்கிறேன். இவ்விடத்து க்ஷேமத்தைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை.

சரஸ்வதி பூஜையன்று எழுதக் கூடாது என்பது எனக்குத் தெரியாதது அல்ல. என் பேனா, மைக்கூடு, ஆபீஸ் பைல், ராமாயணம் எல்லாம் பூஜையில் இருக்கின்றன. இது தச்சு மேஸ்திரி யோசுவாவின் பென்சில். அவன் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், அவன் பென்சிலுக்குப் பூஜை கிடையாது. காகிதம் பலசரக்குக் கடையில் பெருங்காயம் மடித்துக் கொடுத்தது. வாசனை வந்தால் பொறுத்துக்கொள். உன் அக்கா லலிதாம்பாள் கண்ணில் படாமல் ஆற்றங்கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். தசமி வரை பொறுத்திருக்கலாம்தான், ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

நம் சூடாமணியை ரேடியோ நிலையத்தில் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று போன மாசம் எழுதியிருந்தேன். நாளை விஜயதசமி, மறுநாள் காலையில் குழந்தை அங்கே போய்ப் பிடில் வாசிக்க வேண்டும். நீ கொண்டுவந்த கல்லிடைக்குறிச்சி வரனும் இதோடு முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் கிடக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் பிடில் கிடில் எல்லாம் கூடாது, பெட்டியில் வைத்து மூடிவிட வேண்டும் என்று அவர்கள் சொன்னதை நீதான் எழுதினாய். ரேடியோவில் எடுத்துக்கொண்டால் அந்த வரன் வேண்டாம், எடுக்காவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் கழுத்தை நீட்டுகிறேன் என்று அவள் என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆக, அவள் ஜன்மமே இந்தப் பரீட்சையில் இருக்கிறது. அதன் தலையில்தான் நான் வார்னிஷ் அடித்துவிட்டேன்.

விஷயம் பிடிலின் கழுத்து, அதாவது இடது கை பிடித்துக்கொள்கிற கட்டை. உடம்பெல்லாம் பளபளவென்று இருக்க, கழுத்து மட்டும் ஏன் பாலிஷ் இல்லாமல் விறகு மாதிரி மங்கிக் கிடக்க வேண்டும் என்று ஆவணியிலிருந்தே நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செக்ரட்டேரியட்டில் ஹெட் கிளார்க்காக இருக்கிறேன், மங்கின மேஜையில் உட்கார்ந்தவனை ஒருவரும் மதித்து நான் பார்த்ததில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாகவதர் மங்கல் கட்சி. “கழுத்துக்கு மினுக்கம் ஆகாது ஓய். கட்டைவிரல் தடையில்லாம ஓடணும். வேர்த்த கையும் வார்னிஷும் சேர்ந்தா கோந்துதான்” என்றார். சூடாமணியும் அதே கட்சி. “எனக்கு இப்படி இருந்தா மதி அப்பா, கை நன்னா ஓடறது” என்றாள். உன் அக்கா ஒரு கட்சியிலும் சேராமல் அரிசி களைந்துகொண்டே, “ரேடியோவிலே கழுத்து தெரியுமோ?” என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பரீட்சை வைக்கிறவர்கள் எதிரில்தானே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குக் கண் இல்லையா என்று பிற்பாடு தோன்றியது. அதற்குள் அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

நேற்று காலையில் தாயும் பெண்ணும் பொரி, கடலை, பூ வாங்கப் பழவங்காடிக்குப் போனார்கள். பிடில் பெட்டி பூஜை அறை வாசலில் இருந்தது. திறந்து பார்த்தேன். கழுத்து நான் நினைத்ததைவிட மோசம். கறுத்துப்போய், ஒரு இடத்தில் விரல் தேய்ந்த தடம் வேறு. ஒரு தந்திகூட அறுந்திருந்தது. புதுசு மாட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இதைத் தூக்கிக்கொண்டா குழந்தை ரேடியோவுக்குப் போவது என்று எனக்கே அவமானமாகிவிட்டது. நாற்காலிக் கால் சரிசெய்ய யோசுவா வந்திருந்தான். அவன் பளபளப்புக் கட்சி. “சாமி, நான் அடிச்சுத் தாறேன், இதுல மொகம் பாத்து சவரம் பண்ணலாம் கேட்டீரா” என்றான். மூன்று கை அடித்தான். நிஜமாகவே என் மூக்கு அதில் தெரிந்தது. ஹெட் கிளார்க் ஆன அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் என்றான். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலமும் தொட்டால் விரல் ஒட்டியது. ஊதினேன், விசிறினேன், குமுட்டி அடுப்புப் பக்கத்தில் பிடித்தேன். அதற்குள், இவ்விடத்து வழக்கப்படி அஷ்டமி சாயங்காலமே பூஜை வைக்க வேண்டும் என்று புரோகித வாத்தியார் வந்து பறக்க, உன் அக்கா என் கையிலிருந்து பிடிலை வாங்கினாள். ஒரு தடவை அதைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள், பட்டுத் துணியில் சுற்றி அம்பாள் முன்னால் வைத்துவிட்டாள். அப்புறம் சந்தனம், குங்குமம், பூ, அட்சதை. எல்லாரும் போட்டார்கள். நானும் போட்டேன்.

பூஜையில் வைத்ததைத் தசமி காலை எடுக்கும்வரை தொடக் கூடாது என்று உனக்குத் தெரியும். துணிக்கு வெளியே தெரிகிற கழுத்து நுனியில் பொரி ஒட்டியிருக்கிறது. சர்க்கரைப் பொங்கலுக்கு வந்த எறும்புகள் வார்னிஷில் காலை வைத்துவிட்டு நகர முடியாமல் நிற்கின்றன. அவசரத்துக்கு ஒரு சாமானை மட்டும் எடுக்கலாமோ என்று வாத்தியாரிடம் மெதுவாகக் கேட்டேன். “ஆபீஸ் பைலா?” என்றார். ஆமாம் என்றேன். “செக்ரட்டேரியட்டே முங்கிப் போனாலும் தொடப்படாது” என்றார். நாளை எடுத்தாலும், இந்த மழையில் அந்தப் பிசினைச் சுரண்டி, கை பழகி, மறுநாள் வாசிப்பது நடக்கிற காரியமா, நீயே சொல்.

இது ஒன்றும் தெரியாமல் சூடாமணி இன்று காலை ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் வலது கையையே பிடிலாக வைத்து, இடது கை விரல்களை அதன்மேல் ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். “தோடி அப்பா. மனசிலே வாசிச்சா தோஷம் இல்லையல்லோ?” என்றாள். விரல் ஒரு இடத்திலும் தடைப்படவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பேடிக்காதேங்கோ அப்பா, எனக்குக் கிட்டும்” என்று அவள் எனக்குத் தைரியம் சொன்னாள். பெற்ற பெண்ணின் வாழ்க்கையை மூக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகக் கெடுத்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஆகவே கல்லிடைக்குறிச்சிக்காரர்களை நாள் பார்க்கச் சொல்லிவிடு. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்கள் நன்றாகப் படிக்கட்டும், ஒரு வார்னிஷ் டப்பாவையும் தொடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நிர்ப்பாக்கியன்,
பிச்சுமணி

பின்குறிப்பு: இன்று தசமி, இது என் சொந்தப் பேனா. மேலே எழுதினதை அப்படியே விட்டுவிடு. காலையில் பூஜை எடுத்ததும் பட்டுத் துணி பாதி கழுத்தோடு தங்கிவிட்டது. நான் சூடாமணியிடம் எல்லாவற்றையும் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். அவள் சிரிக்கிறாள். “என்னோடது கிழக்கேகோட்டையிலே, பாகவதர் ஆத்துப் பூஜையிலல்லோ இருக்கு. இது அம்மாடது” என்றாள்.

உன் அக்கா பிடில் வாசிப்பாள் என்பது எனக்கு இன்று காலைதான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் என் தகப்பனார் கூடாது என்றாராம், உன் தகப்பனார் பெட்டியில் வைத்து மூடச் சொன்னாராம். நீ அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, உன் காதில் விழாமலா இருந்திருக்கும்? சூடாமணியுடையது பாகவதர் வீட்டுக்குப் போய்விட்டதால், நம் வீட்டுப் பூஜையில் ஒரு வாத்தியம் இருக்கட்டும் என்று பரணிலிருந்து இறக்கினாளாம். ஈரம் என்று தெரிந்துமா துணியைச் சுற்றினாய் என்று கேட்டேன். “தெரியாம என்ன? இத்தனை வருஷத்திலே நீங்க அதைத் தொட்டது இதாக்கும் மொதல் தடவை. தட்டிவிட மனசு வரலை” என்றாள்.

கல்லிடைக்குறிச்சிக்கு இன்றே எழுதிவிடு. ரேடியோவில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த இடத்தில் பெண்ணைக் கொடுப்பதாக இல்லை. உன் அக்கா கொல்லையில் உட்கார்ந்து கண்ணாடிச் சில்லால் கழுத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் பளபளப்பாவது இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். அவளுக்கும் மங்கல்தான் பிடிக்குமாம்.