கற்றறிந்த நண்பர்

ஒரு காட்டில் சட்டக் கல்லூரி வைத்தார்கள். ஏன் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், வைத்தார்கள், அவ்வளவுதான். அதில் படித்துத் தேறி வந்தான் தணிகை என்ற கீரிப்பிள்ளை.

அவன் அம்மா வேதவல்லி அவனைப் படிக்க வைத்ததே ஒரு காரணத்துக்காகத்தான். தணிகை கண் திறக்கும் முன்பே அவன் அப்பாவை ஒரு நல்லபாம்பு கடித்துப் போட்டது. கடித்தவனைக் கோர்ட்டில் ஏற்றித் தண்டனை வாங்கித் தராமல் என் வயிற்றெரிச்சல் அடங்காது என்று காடெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூடப் படித்த குரங்கு, பட்டம் வாங்கிய கையோடு கிளையில் போர்டு மாட்டிவிட்டது. ஆமை, இன்னும் மேலே படிக்கிறேன் என்று ஓட்டுக்குள் போய்விட்டது. தணிகைக்குத்தான் கறுப்புக் கோட்டைத் தொடவே மனம் வரவில்லை. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலை ‘கற்றறிந்த நண்பர்’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். எதிரே நிற்பது பாம்பாக இருந்தாலும் அப்படித்தானாம். தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தான், ‘கற்றறிந்த’ வரைதான் வந்தது. பேசாமல் தோப்புக் காவலுக்குப் போய்விடலாமா என்று யோசித்தான்.

சரி, ஒரு நாள் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று கோர்ட்டுக்குப் போனான்.

அன்று இரண்டு எலிகளுக்குள் வளைத் தகராறு. வாதி அண்ணன் எலிக்கு ஒரு மூத்த கீரி வக்கீல். பிரதிவாதி தம்பி எலிக்கு நாகலிங்கம் என்ற நல்லபாம்பு. அடேயப்பா, என்ன வாதம்! இவர் பல்லைக் காட்ட, அவர் படமெடுக்க, நீதிபதி யானையே ஓரடி பின்னால் நகர்ந்தது. ஆனால் ஒவ்வொரு சீறலுக்கும் முன்னால் ‘என் கற்றறிந்த நண்பர்’ தவறாமல் வந்தது. எலிகள் தத்தம் வக்கீலைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தன.

மத்தியானம் கோர்ட் கலைந்தது. வெளியே புங்கமரத்தடியில் இரண்டு வக்கீல்களும் ஒரே இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தணிகைக்கு ரத்தம் கொதித்தது. நேரே போய் நாகலிங்கத்தின் முன்னால் நின்று, தன் அப்பா செத்த கதையைச் சொன்னான்.

நாகலிங்கம் வாயில் இருந்ததை விழுங்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“தெரியும் தம்பி. கடிச்சது என் சித்தப்பாதான். நல்ல கேஸ், விட்டுடாதீங்க. நீங்க போடுங்க, நான் எதிர்த்து நிக்கிறேன். உள்ள நடக்கிறது கட்சிக்காரங்களுக்காக, வெளிய நடக்கிறது நமக்காக. சாப்டீங்களா?”

தணிகை காலையிலிருந்து பட்டினி. வளை வழக்கு சமரசமாகிவிட்டது என்று சொல்லி, மூத்த கீரி நகர்ந்து இடம் விட்டார். இலையில் வாதி ஏற்கெனவே தீர்ந்திருந்தார். பிரதிவாதி பாதி மிச்சம் இருந்தார்.

தணிகை இலையைப் பார்த்தான். அப்பாவை நினைத்தான். துக்கமாகத்தான் இருந்தது. பிறகு உட்கார்ந்தான்.

சாயங்காலம் வாசலிலேயே அம்மா மடக்கினாள். தொழிலுக்குப் போகிறாயா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றாள். போகிறேன் என்றான். வேதவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அப்பா கேஸ் என்னடா ஆச்சு? அந்தக் கட்டையில போறவனுக்கு எவன் வக்கீலாம்?”

“பார்த்துப் பேசிட்டேம்மா, ரொம்பத் தங்கமானவர்,” என்றான் தணிகை. “ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றார்.”

நீதி: பரம்பரைப் பகை தீர வேண்டுமானால் இரு தரப்பும் ஒரே தொழிலுக்கு வந்துவிட வேண்டும். எலிகள் தாமாகவே வரும்.