அன்பால் காலியான காயலான் கடை

கன்னியம்மா அந்த இரும்புக் கட்டிலை விற்கத்தான் கொண்டுவந்தாள். வாங்கத்தான் அலி அக்பரும் காயலான் கடை வைத்திருந்தார். நடுவில் அன்பு வந்து கெடுத்தது.

"இன்னா கட்டிலும்மா இது" என்று அலி அக்பர் அதைத் தடவிக்கொடுத்தார். "எத்தினி புள்ளைங்க இதுல பொரண்டு வளந்துச்சோ. காலப் பாரு, இன்னும் ஸ்ட்ராங்கா நிக்கிது."

கன்னியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் புள்ளைங்க அத்தினியும் இதுலதான் பாய் வளந்துச்சு. இத்தப் போயி எடைக்குப் போட வந்தேனே" என்றவள், கட்டிலை மறுபடியும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

தராசுக்குப் பக்கத்தில் நின்ற வேலையாள் எத்திராஜ் தலையில் அடித்துக்கொண்டான்.

பழைய இரும்பு வாங்குகிறவனுக்கு வாய்தான் மூலதனம். பொருளைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்க வேண்டும். துரு, தகரம், கலீஜ் என்று அதைத் திட்ட வேண்டும். கொண்டுவந்தவர் கூச்சப்பட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார். சாத்தாங்காட்டுப் பக்கம் இந்த வித்தையில் அலி அக்பரை அடிக்க ஆள் கிடையாது. புது சைக்கிளையே திட்டி எடைக்கு வாங்கியவர் என்று பேர்.

அப்பேர்ப்பட்டவரை, போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த 'அன்பே முதல், அன்பே லாபம்' வகுப்பு தலைகீழாக மாற்றிவிட்டது. அதற்கான டிக்கெட்டை டீக்கடை வியாகுலம்மாள் டீ கிளாசோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "யாரோ உங்கைல குடுக்கச் சொன்னாங்க பாய். ஓசிதான்" என்றாள். ஓசி என்றதால் போனார். திரும்பும்போது அழுதுகொண்டே வந்தார்.

"இவ்ளோ நாளா எத்தினி பேரு மனச நோவடிச்சிகீறேன் எத்திராஜ். இனிமே எத்தப் பாத்தாலும் அதுல கீற நல்லதத்தான் சொல்வேன்."

"சனிக்கெழம ஃபவுண்டரி லாரி வருது பாய். லோடு இல்லன்னா ஆர்டரு எதிர்க்கடைக்குப் பூடும். அப்பால நீயும் நானும் அன்பாவே குந்திகினு இருக்க வேண்டியதுதான்."

அவன் சொன்னது நிஜம். இரும்பு உருக்கும் அந்த ஃபவுண்டரியின் ஒரு ஆர்டரை நம்பித்தான் கடையே ஓடியது. எதிர்க்கடை பாலகணேஷ் அதன்மேல் கண் வைத்து ரொம்ப நாளாகிறது.

"நீ உள்ள போ பாய், நான் பேசிக்கிறேன்" என்று எத்திராஜ் முன்னால் வந்து நின்றான். ஒருவர் கிரைண்டரோடு வந்தார். "வெறும் தகரம்பா இது" என்று அவன் ஆரம்பித்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பொய் சொல்லாத எத்திராஜ். நல்ல மோட்டாரு அது. பெல்ட்ட மாத்துனா இன்னும் நல்லா மாவாட்டும்."

கிரைண்டரும் வீடு திரும்பியது.

"வாயே தொறக்காத பாய். சும்மா சிரி, போதும்" என்று எத்திராஜ் கெஞ்சினான். அவரும் சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்துப் பழக்கமில்லாத ஜனம் பயந்துவிட்டது. "பாயே சிரிக்கிறாருன்னா இதுக்குள்ள தங்கம் கிங்கம் கீதோ இன்னாவோ" என்று ஒருவர் ஓட்டை அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார்.

கடைசியில் அலி அக்பரின் அன்பு ரோட்டைத் தாண்டியது. "எங்காண்ட மட்டும் கேக்காதீங்க. எதிர்க்கடையிலயும் கேளுங்க. பாலகணேஷும் எனக்குத் தம்பி மாதிரிதான்" என்று வந்தவர்களை எல்லாம் அனுப்ப ஆரம்பித்தார்.

அங்கே நல்ல விலை கிடைக்கிறது என்று தெரிந்ததும், வீட்டுக்குத் திரும்பிப்போன கன்னியம்மாவின் கட்டில் உட்பட எல்லாம் எதிர்க்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. "பாய் வாயாலயே நல்ல சரக்குன்னு சொல்லிட்டாரு, பாத்துப் போட்டுக் குடு" என்று ஆளாளுக்கு ரெண்டு மடங்கு கேட்டார்கள். பாலகணேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதைக் கொடுத்தான். சனிக்கிழமை வரைக்கும் அலி அக்பர் கடைக்கு ஓர் ஆணிகூடப் போகக் கூடாது என்பது அவன் கணக்கு.

லாரி வந்தது. ஃபவுண்டரி ஆள் சைமன் இறங்கிப் பார்த்தான். அலி அக்பர் கடையில் தராசும் அன்பும்தான் இருந்தன. எதிர்க்கடைக்குப் போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

"அங்க மலையாட்டம் கீது பாய். ஆனா வெல தாறுமாறா சொல்றான். நீ வந்து பாத்துச் சொல்லு. நீ நல்லதுன்னுட்டா அவன் கேட்ட வெலைக்கே எடுத்துக்கிறேன். இனிமே ஆர்டரும் அவனுக்கே."

அலி அக்பர் ரோட்டைக் கடந்து போய் அந்தக் குவியலைப் பார்த்தார். எத்திராஜும் பின்னாலேயே ஓடினான். கன்னியம்மாவின் கட்டிலைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அடடா" என்று வாயைத் திறந்தார்.

பக்கத்து டீக்கடையில் வியாகுலம்மாள் அப்போதுதான் எண்ணெயிலிருந்து போண்டா எடுத்துக்கொண்டிருந்தாள். எத்திராஜ் ஒன்றைப் பிடுங்கி முழுசாக அந்த வாயில் திணித்தான்.

சாப்பிடுகிற பொருளைத் துப்புவது பாவம் என்று வளர்ந்தவர் அலி அக்பர். விழுங்கவும் முடியவில்லை. முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார்.

"இன்னா பாய், நீயே அழுவுற அளவுக்கா மோசமா கீது?" என்றான் சைமன்.

பாலகணேஷ் அரண்டுபோனான். பழைய பாய் திரும்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். "சரி பாய், பாதி வெல போடு."

அலி அக்பர் இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினார்.

"அதுலயும் பாதி."

அவர் காலைத் தரையில் உதைத்தார்.

"போதும் பாய், இன்னும் அசிங்கப்படுத்தாத. நீ பாத்து இன்னா குடுக்கிறியோ குடு."

சைமன் அசந்துபோனான். "ஒரு வார்த்த பேசாம வெலய எறக்கிட்டியே பாய். உன் பேர்லயே எடை போடு. ஆர்டரு எப்பவும் உனக்குத்தான்."

போண்டா ஒருவழியாக உள்ளே இறங்கியது. அலி அக்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலகணேஷைக் கட்டிக்கொண்டார்.

"மனசு ஒடஞ்சி போவாத தம்பி. நீயும் அந்த வகுப்புக்குப் போ. அன்பா இருந்தேன், அல்லா கைவிடல. எவனோ ஒரு நல்ல மனுசன் எனக்கு அந்த டிக்கெட்ட அனுப்பிகீறான். டெய்லி தொழுவும்போது அவனுக்குத்தான் மொதல்ல துவா கேக்கறேன்."

பாலகணேஷ் கன்னியம்மாவின் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தான். அவனிடம் ஒரு டீயை நீட்டியபடி வியாகுலம்மாள் கேட்டாள்:

"இன்னா நைனா, இப்பவாச்சும் அந்த டிக்கெட்ட குடுத்தது நீதான்னு பாயாண்ட சொல்லலாமா?"